கடலடியில் 40 மணி நேரம், 33 உயிர்கள்: மீட்பு டைவிங்குக்குப் பாடம் எழுதிய ‘ஸ்வீடு’ மாம்சன் யார்?

1927, டிசம்பர் 18. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணம், பிராவின்ஸ்டவுன் ஊருக்கு அருகே கடல். தலையில் செம்புக் கவசம், காலில் ஈயம் வைத்த பூட்ஸ் மாட்டிக்கொண்டு தாமஸ் ஈடி என்ற கடற்படை டைவர் 110 அடி ஆழத்துக்கு இறங்குகிறார். கீழே கிடப்பது எஸ்-4 என்ற நீர்மூழ்கிக் கப்பல். முந்தைய நாள் மதியம் அது நீருக்கு மேலே எழும்பும்போது கடலோரக் காவல் படைக் கப்பல் ஒன்று மோதியது. உள்ளே இருந்த 40 பேரோடு அப்படியே மூழ்கிப்போனது.

ஈடி கப்பலின் மேல்தளத்தில் நடந்தபடியே இரும்பைத் தட்டிப் பார்க்கிறார். பதிலே இல்லை. முன்பக்க டார்பிடோ அறைக்கு மேலே வந்தபோது உள்ளேயிருந்து பதிலுக்குத் தட்டும் சத்தம். ஒன்று, இரண்டு... ஆறு. அந்த அறையில் ஆறு பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அந்த ஆறு பேருக்கும் டைவருக்கும் நடுவே இருந்தது ஓர் இரும்புத் தகடு மட்டும்தான். ஆனால் அவர்களை வெளியே கொண்டுவர எந்தக் கருவியும் உலகத்தில் எந்தக் கடற்படையிடமும் இல்லை. கூடவே புயலும் சேர்ந்துகொண்டது. உள்ளேயிருந்து மோர்ஸ் கோடில் தட்டித் தட்டி, காற்று கெட்டுக்கொண்டே வருவதைச் சொன்னார்கள். சீக்கிரம் வரச் சொன்னார்கள். மூன்று நாட்களில் சத்தம் நின்றுபோனது.

அந்தச் செய்தியை எல்லோரையும்போல சோகத்தோடு மட்டும் கடந்துபோக முடியாத ஒரு கடற்படை அதிகாரி வாஷிங்டனில் இருந்தார். ஏனென்றால் அந்த ஆறு பேரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய கருவியின் வரைபடத்தை அவர் ஏற்கெனவே வரைந்து, மேலிடத்துக்கு அனுப்பி, அது நடைமுறைக்கு ஒத்துவராது என்று நிராகரிக்கப்பட்டிருந்தது. அவர் பெயர் சார்லஸ் போவர்ஸ் மாம்சன். நண்பர்களுக்கு ‘ஸ்வீடு’.

இன்று புதுச்சேரியிலோ அந்தமானிலோ ஸ்கூபா கற்கப் போகிறவர்களுக்கு முதல் நாள் சொல்லித்தரும் விதிகளில் சில, இந்த மனிதர் தன் சொந்த உடம்பை வைத்துச் சோதித்துப் பார்த்தவை. ஆனாலும் டைவிங் உலகத்துக்கு வெளியே இவர் பெயர் தெரிந்தவர்கள் குறைவு. கூஸ்தோவுக்குக் கிடைத்த புகழில் பத்தில் ஒரு பங்குகூட இவருக்குக் கிடைக்கவில்லை.

ஃபெயிலாகித் திரும்பி வந்தவர்

மாம்சன் பிறந்தது 1896 ஜூன் 21, நியூயார்க்கின் ஃப்ளஷிங் பகுதியில். வளர்ந்தது மின்னசோட்டா மாகாணத்தின் செயின்ட் பாலில். கடற்படை அகாடமியில் சேர்ந்த புதிதில் மதிப்பெண் போதாமல் வெளியேற்றப்பட்டார். பொதுவாக அதோடு கதை முடிந்துவிடும். இவர் மறுபடியும் சிபாரிசு தேடிப்பிடித்து இரண்டாவது முறை சேர்ந்து, 1919-ல் பட்டம் பெற்று வெளியே வந்தார். ‘ஸ்வீடு’ என்றால் ஸ்வீடன்காரர். இவர் குடும்பத்துக்கும் ஸ்வீடனுக்கும் சம்பந்தமில்லை, டேனிஷ் - ஜெர்மன் வம்சாவளி. பட்டப்பெயர் வைப்பவர்கள் அதையெல்லாம் எங்கே விசாரிக்கிறார்கள்!

நீர்மூழ்கிப் பிரிவைத் தானாகவே கேட்டு வாங்கினார். அந்தக் காலத்து நீர்மூழ்கிகளில் வேலை என்பது லேசுப்பட்டதல்ல. குறுகலான இரும்புக் குழாய், டீசல் நாற்றம், பேட்டரியில் உப்புத் தண்ணீர் பட்டால் குளோரின் விஷவாயு. கப்பல் மூழ்கினால் உள்ளே இருப்பவர்கள் செத்ததாகவே கணக்கு. அதைப் பற்றிப் பேசுவதுகூட அபசகுனம் என்று நினைத்தார்கள்.

1925 செப்டம்பர் 25 இரவு. எஸ்-51 என்ற நீர்மூழ்கி மீது ஒரு பயணிகள் கப்பல் மோதியது. 36 பேரில் 33 பேர் இறந்தார்கள். அந்தக் கப்பலைத் தேடப் போனது மாம்சன் தலைமை வகித்த எஸ்-1. கடல் மேலே எண்ணெய்ப் படலம் தெரிந்தது, கீழேயிருந்து குமிழிகள் வந்தன. அதற்கு மேல் எதுவும் செய்ய முடியவில்லை. கீழே இருப்பவர்களோடு பேச வழியில்லை, இறங்க வழியில்லை. எஸ்-51-ல் இருந்தவர்களில் அவருடைய நண்பர்களும் உண்டு. எண்ணெய்ப் படலத்தைச் சுற்றிச் சுற்றி வந்த அந்தப் பயணம்தான் அவருடைய மீதி வாழ்க்கையைத் தீர்மானித்தது எனலாம்.

ஊர் திரும்பியதும் ஒரு வரைபடம் போட்டார். மணி வடிவில் ஒரு இரும்பு அறை. அதை மேலேயிருந்து கேபிள் வழியாக இறக்கி, மூழ்கிய கப்பலின் கதவு மேல் ரப்பர் வளையத்தோடு பொருத்தி, உள்ளே இருப்பவர்களை ஏற்றிக்கொண்டு மேலே வருவது. திட்டத்தை முறைப்படி அனுப்பினார். பதில் இல்லை. ஒரு வருஷத்துக்கும் மேல் காத்திருந்தார். அப்புறம் அவருக்கே கப்பல் கட்டுமானப் பிரிவின் வாஷிங்டன் அலுவலகத்துக்கு மாற்றல் வந்தது. அங்கே போய்ப் பார்த்தால், அவருடைய திட்டம் அவருடைய புது நாற்காலிக்கு அருகிலேயே யாரும் தொடாமல் கிடக்கிறது. எடுத்துக்கொண்டு மேலே போனார். ஒத்துவராது என்று சொல்லிவிட்டார்கள்.

சில மாதங்களில் எஸ்-4 மூழ்கியது.

ஒரு டைவரை இன்னொரு டைவர் மீட்ட இரவு

எஸ்-4 சம்பவத்தில் இன்னொரு விஷயம் நடந்தது. மீட்பு டைவிங் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட முடியாது.

ஈடி மேலே வந்த பிறகு ஃப்ரெட் மிஷெல்ஸ் என்ற டைவர் காற்றுக் குழாய் பொருத்துவதற்காகக் கீழே போனார். அவருடைய குழாயும் கயிறும் உடைந்த கப்பலின் இரும்புத் துண்டுகளில் சிக்கிக்கொண்டன. அசைய முடியவில்லை. குளிர் வேறு. ஏற்கெனவே களைத்துப்போயிருந்த ஈடி மறுபடியும் இறங்கினார். சிக்கியிருந்த இரும்பை அறுக்க மேலேயிருந்து ரம்பம் வரவழைத்தார். அறுத்துக்கொண்டிருக்கும்போது அவருடைய சொந்த உடையே கிழிந்து, உள்ளே தண்ணீர் ஏறியது. பதறவில்லை. கவசத்துக்குள் காற்று நிற்கும்படி நிமிர்ந்த நிலையிலேயே நின்று வேலையை முடித்தார். இரண்டு மணி நேரப் போராட்டம். மிஷெல்ஸ் பிழைத்தார். ஈடிக்கு அமெரிக்காவின் உயரிய வீர விருதான மெடல் ஆஃப் ஆனர் கிடைத்தது.

இன்றைய ரெஸ்க்யூ டைவர் பயிற்சியில் அடுத்தவரைக் காப்பாற்றுவதற்கு முன்பே சொல்லித்தருவது, தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்வது. பதற்றத்தில் இருக்கும் டைவரை எப்படி அணுகுவது, காணாமல்போனவரை எப்படித் தேடுவது, நினைவிழந்தவரை எப்படி மேலே கொண்டுவருவது எல்லாம் அதற்கு அப்புறம்தான். ஈடி செய்தது அதே வரிசையில்தான்.

ஆனால் ஒரு ஈடியை நம்பி ஒரு கடற்படை இருக்க முடியாது, இல்லையா? இதைத்தான் மாம்சன் யோசித்தார். தைரியசாலி ஒருவர் செய்யும் சாகசத்தை, சாதாரண ஆள் பயிற்சி எடுத்துச் செய்யக்கூடிய வேலையாக மாற்ற முடியுமா?

கழுத்தில் தொங்கிய ரப்பர் பை

எஸ்-4 மரணங்களால் நாடே கொதித்தது. மேலிடம் மணி வடிவ அறைக்கு உடனே இறங்கிவரவில்லை. அதனால் மாம்சன் வேறு பக்கமிருந்து தொடங்கினார். வெளியேயிருந்து ஆள் வராவிட்டால், உள்ளே இருப்பவர் தானாக மேலே வர முடியுமா?

கிளாரன்ஸ் டிபல்ஸ், ஃப்ராங்க் ஹாப்சன் ஆகியோரோடு சேர்ந்து அவர் உருவாக்கியதுதான் ‘மாம்சன் லங்’. மார்பில் தொங்கும் ஒரு ரப்பர் பை. அதில் ஆக்சிஜன் நிரப்பிக்கொள்ள வேண்டும். வெளியே விடும் மூச்சிலிருந்து கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக்கொள்ள உள்ளே சோடா லைம் டப்பா. வாயில் கடித்துக்கொள்ள இரண்டு குழாய்கள் சேரும் மவுத்பீஸ், மூக்குக்கு ஒரு கிளிப். அவ்வளவுதான். பார்க்க வெந்நீர்ப் பை மாதிரி இருக்கும்.

கேட்க எளிதாக இருந்தாலும், தண்ணீருக்கு அடியில் விஷயமே வேறு. ஒவ்வொரு 33 அடி ஆழத்துக்கும் அழுத்தம் ஒரு மடங்கு கூடுகிறது. 100 அடி ஆழத்தில் அது மேலே இருப்பதைப்போல நான்கு மடங்கு. அங்கே ஒருவர் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, அப்படியே அடக்கிக்கொண்டு மேலே வந்தால் என்ன ஆகும்? அழுத்தம் குறையக் குறைய அந்தக் காற்று நான்கு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரலில் அதற்கு இடமில்லை. திசுக்கள் கிழிந்து காற்றுக்குமிழி ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போனால் உயிர் போகும். முழுகும் மனிதனின் இயல்பு மூச்சை அடக்குவது. பிழைக்க வேண்டுமென்றால் செய்ய வேண்டியது அதற்கு நேர் எதிர். ஸ்கூபா வகுப்பில் முதல் நாளே மூச்சை அடக்காதே என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

மாம்சன் லங்கின் அடியில் ஒரு வால்வு இருந்தது. மேலே வர வர விரியும் காற்று அது வழியாக வெளியேறிவிடும். போட்டிருப்பவர் சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டே, ஒரு மிதவைக் கயிற்றைப் பிடித்து, இடையிடையே நின்று நின்று ஏற வேண்டும். வேகமாக ஏறக் கூடாது. இருட்டில், குளிரில், செத்துவிடுவோமோ என்ற பயத்தில், மெதுவாக ஏற வேண்டும். கருவியைச் செய்வதைவிட இதைச் சொல்லிக்கொடுப்பதுதான் கஷ்டம்.

முதல் ஆளாக மாட்டிப் பார்த்தவர் மாம்சனேதான். தொட்டியில், பிறகு பொட்டோமாக் ஆற்றில் 110 அடி ஆழத்தில், பிறகு கடலில். எஸ்-4 கப்பலை 1928-ல் வெளியே எடுத்திருந்தார்கள். 40 பேர் இறந்த அதே கப்பலை மறுபடியும் வேண்டுமென்றே கடலில் மூழ்கடித்து, அதற்குள்ளிருந்து வெளியேறிப் பார்த்தார் மாம்சன். 200 அடி ஆழம் வரை போய்ச் சோதித்தார். இதற்காகக் கடற்படையின் சிறப்புச் சேவைப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது.

100 அடித் தண்ணீர்த் தூண்

அடுத்து வந்ததுதான் முக்கியமானது. கனெக்டிகட் மாகாணத்தின் நியூ லண்டன் நீர்மூழ்கித் தளத்தில் 1930-ல் ஒரு கோபுரம் எழுந்தது. வெளியேயிருந்து பார்த்தால் ஊர்த் தண்ணீர்த் தொட்டி மாதிரி. உள்ளே 100 அடி ஆழத்துக்கு நிற்கும் தண்ணீர். 18 அடியில் ஒரு கதவு, 50 அடியில் ஒன்று, அடியில் 100 அடியில் ஒன்று. நீர்மூழ்கியில் சேர விரும்பும் ஒவ்வொருவரும் முதலில் குறைந்த ஆழத்திலிருந்து மேலே வர வேண்டும். அது பழகியதும் அடுத்த ஆழம். பக்கத்தில் பயிற்சியாளர்கள் நீந்திக்கொண்டே கவனிப்பார்கள். யாராவது மூச்சை அடக்கினால் உடனே தலையிடுவார்கள். ஹவாயின் பேர்ல் ஹார்பரிலும் இதேபோல ஒரு கோபுரம் வந்தது.

பயத்தை வெல்லப் பேச்சு உதவாது, பழக்கம்தான் உதவும் என்பது இந்தப் பயிற்சியின் அடிப்படை. கொஞ்சம் ஆழம், கொஞ்சம் கஷ்டம், மறுபடியும் மறுபடியும். இன்று நீச்சல்குளத்தில் தொடங்கி, ஆழம் குறைந்த கடலுக்குப் போய், அப்புறம் ஆழத்துக்குக் கூட்டிப்போகும் டைவிங் வகுப்புகள் எல்லாவற்றிலும் இதே படிக்கட்டு முறைதான்.

இதில் ஒரு ஓட்டையும் இருந்தது. கோபுரத்துத் தண்ணீர் தெளிவானது, வெளிச்சமானது, பக்கத்திலேயே ஆள் உண்டு. நிஜத்தில் இவை எதுவும் இருக்காது. அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பது பிறகு ஒரு போரில் தெரிந்தது.

இன்னொரு பக்கம் மணி வடிவ அறைக்கும் கடைசியில் அனுமதி கிடைத்தது. மாம்சன் பழைய எஸ்-1 நீர்மூழ்கியில் குட்டி விமானம் வைக்கச் செய்திருந்த இரும்பு உருளையை எடுத்து, வெட்டி, முதல் மாதிரியைத் தயாரித்தார். சோதனையும் நடந்தது. பிறகு அவர் லங் பயிற்சி வேலைக்குப் போக, ஆலன் மெக்கான் என்ற அதிகாரியிடம் அறையை மேம்படுத்தும் பொறுப்பு வந்தது. மெக்கான் நல்ல மாற்றங்கள் செய்தார், அதில் சந்தேகமில்லை. ஆனால் வேலை முடிந்தபோது கருவிக்கு வைத்த பெயர் ‘மெக்கான் மீட்பு அறை’. ஐந்தாறு வருஷம் அதற்காக அலைந்தவர் பெயர் அதில் இல்லை.

போதையேற்றும் காற்று

1930-களின் கடைசியில் மாம்சன் வாஷிங்டனில் கடற்படையின் சோதனை டைவிங் பிரிவுக்குத் தலைவரானார். அங்கே அவர் கையில் எடுத்த பிரச்சினை, நாம் சுவாசிக்கும் காற்றே ஆழத்தில் எதிரியாவது.

காற்றில் முக்கால் பங்குக்கும் மேல் நைட்ரஜன். தரையில் அது எதுவும் செய்யாது. ஆனால் 100 அடிக்குக் கீழே போகப் போக அழுத்தத்தில் அது மது மாதிரி வேலை செய்யத் தொடங்கும். டைவருக்குக் காரணமில்லாமல் சந்தோஷம் வரும், அல்லது பயம் வரும். செய்ய வந்த வேலை மறந்துபோகும். 200 அடியில் நல்ல அனுபவசாலியே ஒரு முடிச்சுப் போடத் தடுமாறுவார். மீட்புப் பணிக்குப் போகிறவருக்கு இதைவிட ஆபத்து என்ன இருக்க முடியும்? காப்பாற்றப் போனவரைக் காப்பாற்ற இன்னொருவர் போக வேண்டும்.

நைட்ரஜனை எடுத்துவிட்டு ஹீலியம் கலந்தால் என்ன என்று மாம்சனும் ஆல்பர்ட் பெங்கே போன்ற கடற்படை மருத்துவர்களும் சோதித்தார்கள். அழுத்த அறைக்குள் டைவர்களை உட்காரவைத்து, கலவையை மாற்றி மாற்றி, எவ்வளவு நேரம் எந்த ஆழம், எங்கெங்கே நின்று ஏற வேண்டும் என்று அட்டவணை போட்டார்கள். ஹீலியம் போதை ஏற்றவில்லை. ஆனால் உடம்புச் சூட்டைச் சீக்கிரம் இழுத்துக்கொண்டது. குரலையும் கார்ட்டூன் வாத்து மாதிரி கீச்சிட வைத்தது.

இந்தச் சோதனைகள் நடந்துகொண்டிருந்தபோதுதான் அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது.

ஸ்குவாலஸ்: 243 அடி ஆழம்

1939 மே 23 காலை. நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மவுத் அருகே ஸ்குவாலஸ் என்ற புத்தம் புதிய நீர்மூழ்கி சோதனை முழுக்குப் போட்டது. உள்ளே 59 பேர். இன்ஜினுக்குக் காற்று போகும் பெரிய வால்வு மூடியிருக்க வேண்டும். மூடியதாக விளக்கும் காட்டியது. ஆனால் தண்ணீர் கொட்டியது. பின்பக்க அறைகள் நிமிடக்கணக்கில் நிரம்பின.

கப்பல் பின்பக்கமாகச் சாய்ந்துகொண்டிருக்க, நடுவிலிருந்த கனமான இரும்புக் கதவை லாயிட் மேனஸ் என்ற எலெக்ட்ரீஷியன் பிடித்துக்கொண்டு நின்றார். ஓடி வந்தவர்கள் வரும்வரை திறந்து வைத்திருந்தார். தண்ணீர் மட்டம் ஏறியதும் வேறு வழியில்லை, இழுத்து மூடினார். அந்தப் பக்கம் இருந்தவர்களில் ஒருவருக்குச் சில நாட்களில் கல்யாணம். மாப்பிள்ளைத் தோழனாக நிற்க வேண்டியவர் மேனஸ்.

பின்பக்கம் 26 பேர் இறந்தார்கள். முன்பக்கம் 33 பேர், 243 அடி ஆழத்தில், உறைபனியை நெருங்கும் குளிரில். கேப்டன் ஆலிவர் நேக்வின் எல்லோரையும் படுக்கச் சொன்னார். பேசக் கூடாது, அசையக் கூடாது. ஆக்சிஜன் மிச்சமாக வேண்டும். மாம்சன் லங்குகள் எல்லோருக்கும் கொடுக்கப்பட்டன. ஆனால் அந்த ஆழத்திலும் குளிரிலும் அதை நம்பி வெளியேறுவது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தார். தொலைபேசி வைத்த மிதவை ஒன்றை மேலே விட்டார். மதியம் ஸ்கல்பின் என்ற சகோதர நீர்மூழ்கி அதைக் கண்டுபிடித்துச் சில வார்த்தைகள் பேசியதும் கேபிள் அறுந்தது. அதன் பிறகு சுத்தியல் சத்தம் மட்டும்தான். மறுபடியும் எஸ்-4 மாதிரியே.

ஆனால் இந்த முறை மேலே இருந்தவர்களிடம் கருவி இருந்தது. பயிற்சி எடுத்த டைவர்கள் இருந்தார்கள். வாஷிங்டனிலிருந்து விமானத்தில் வந்த மாம்சனிடம் டைவிங் பணிகளின் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. மெக்கானும் வந்து சேர்ந்தார். மீட்பு அறையைச் சுமந்துகொண்டு ஃபால்கன் என்ற கப்பல் மறுநாள் அதிகாலை வந்தது.

மே 24 காலை முதலில் இறங்கியவர் மார்ட்டின் சிபிட்ஸ்கி. அவர் சாதாரணக் காற்றைத்தான் சுவாசித்தார், ஹீலியம் இன்னும் களத்துக்கு வரவில்லை. அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும், அவர் இறங்கிய இடம் முன்பக்கக் கதவுக்குச் சில அடி தூரத்திலேயே இருந்தது. மேற்பரப்பைவிட எட்டு மடங்குக்கும் அதிகமான அழுத்தத்தில், மந்தமாகும் மூளையோடு, ஒரு கேபிளைக் கதவின் வளையத்தில் மாட்ட வேண்டும். சொல்லும்போது ஒரே ஒரு கொக்கி. மாட்டிவிட்டார்.

மீட்பு அறை அந்தக் கேபிளைச் சுருட்டிக்கொண்டே தன்னைத்தானே கீழே இழுத்துக்கொண்டு இறங்கியது. சுமார் 10 அடி உயரம், 9 டன் எடை, இரண்டு தட்டுகள். மேல்தட்டில் இயக்குபவர்கள் இருவர். கீழ்த்தட்டின் அடிப்பக்கம் திறந்திருக்கும். அது கப்பல் கதவின் மேல் உட்கார்ந்ததும் உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியேற்றி, அழுத்தத்தைக் குறைப்பார்கள். அப்போது கடலின் எடையே அறையைக் கப்பலோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்ளும். எந்தக் கடலில் மாட்டிக்கொண்டார்களோ அதுவே தாழ்ப்பாள். பிறகு கதவைத் திறக்கலாம். திறந்தார்கள். சூடான காபியும் சூப்பும் உள்ளே போயின. ஏழு பேர் ஏறினார்கள்.

இரண்டாவது நடையில் ஒன்பது பேர். மூன்றாவதில் ஒன்பது. கடைசி நடையில் கேப்டன் நேக்வின் உட்பட எட்டுப் பேர். இரவு ஆகிவிட்டது. 160 அடி ஆழத்தில் வரும்போது கேபிள் சிக்கியது. மேலேயிருந்து அறையைத் தூக்கும் கேபிளோ இழை இழையாகப் பிரியத் தொடங்கியது. மறுபடியும் அடியில் இறக்கி வைத்தார்கள். புதுக் கேபிள் மாட்ட டைவர்கள் அடுத்தடுத்து இறங்கினார்கள். குளிரும் நைட்ரஜன் மயக்கமும் சேர்ந்து ஒவ்வொருவரையும் தோற்கடித்தன. ஒருவருக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பதே குழம்பிவிட்டது. நைட்ரஜன் பிரச்சினையை மாம்சன் ஏன் அவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டார் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

மிச்சமிருந்தது ஒரே வழி. இயந்திரத்தால் இழுத்தால் கேபிள் அறுந்துவிடும். அதனால் கையால் இழுப்பது. அறைக்குள் இருந்த டைவர்களிடம் தொலைபேசியில் சொல்லி, எடைத் தொட்டியிலிருந்து சில நொடிகள் மட்டும் தண்ணீரை வெளியேற்றச் சொன்னார் மாம்சன். கொஞ்சம் அதிகமானால் அறை ராக்கெட் மாதிரி மேலே பாய்ந்து கப்பலில் மோதும். கொஞ்சம் குறைந்தால் கேபிள் தாங்காது. ஃபால்கன் தளத்தில் வரிசையாக நின்றவர்கள் அலையின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்துப் பார்த்து, அடி அடியாக இழுத்தார்கள். மே 25, நள்ளிரவு தாண்டி 12.38 மணிக்கு அறை மேலே வந்தது. 33 பேரும் உயிரோடு. கப்பல் மூழ்கி ஏறத்தாழ 40 மணி நேரம்.

மறுநாள் பின்பக்கக் கதவுக்கும் அறையை இறக்கிப் பார்த்தார்கள். உள்ளே தண்ணீர்தான் இருந்தது.

அதன் பிறகு கப்பலையே தூக்கும் வேலை. நான்கு மாதங்கள் நெருங்க நெருங்க ஓடிய பணியில் 600-க்கும் மேற்பட்ட முழுக்குகள். இங்கேதான் ஹீலியம் கலவை முதன்முதலாகச் சோதனைக் கூடத்தை விட்டு நிஜக் கடலில் வேலை செய்தது. ஜூலையில் முதல் முயற்சியில் கப்பலின் மூக்கு நீரைப் பிளந்து மேலே வந்து, மறுபடியும் மூழ்கி எல்லோரையும் நோகடித்தது. செப்டம்பர் 13 அன்று ஸ்குவாலஸ் துறைமுகம் சேர்ந்தது. ஒரு டைவர்கூட இறக்கவில்லை. நான்கு டைவர்களுக்கு மெடல் ஆஃப் ஆனர்.

பெயர் இருந்ததும் இல்லாததும்

மாம்சன் பெயரைத் தாங்கிய லங், போரில் எப்படி வேலை செய்தது? 1944 அக்டோபரில் தைவான் ஜலசந்தியில் டாங் என்ற அமெரிக்க நீர்மூழ்கி, தான் விட்ட டார்பிடோவே திரும்பி வந்து தாக்கி, 180 அடியில் மூழ்கியது. முன்பக்க அறையிலிருந்து 13 பேர் வெளியேறினார்கள். பிழைத்து மீட்கப்பட்டவர்கள் 5 பேர்தான். இருட்டு, புகை, குழப்பம்... கோபுரத்தில் படித்த பாடத்தை அந்த நிலைமையில் நினைவுக்குக் கொண்டுவர எல்லோராலும் முடியவில்லை. போருக்குப் பிறகு, கருவி எதுவும் இல்லாமல் மூச்சை வெளியே விட்டுக்கொண்டே ஏறுவதுகூடச் சாத்தியம் என்று தெரியவந்தது. 1962-ல் தலையை மூடும் புது வகை உடை வந்ததும் லங் ஓய்வு பெற்றது.

அவர் பெயரைத் தாங்கிய கருவி காப்பாற்றியது ஒரு கை விரல்களில் எண்ணக்கூடியவர்களை. அவர் பெயர் இல்லாத கருவி ஒரே நாளில் 33 பேரைக் கொண்டுவந்தது. அந்த அறையின் வாரிசுகள்தான் இன்று டிஎஸ்ஆர்வி எனப்படும் ஆழ்கடல் மீட்பு வாகனங்கள். இந்தியக் கடற்படை 2018-ல் இதைச் சேர்த்துக்கொண்டது. 2021-ல் இந்தோனேசியாவின் நங்கலா நீர்மூழ்கி காணாமல்போனபோது விசாகப்பட்டினத்திலிருந்து அனுப்பப்பட்டதும் இதுதான். அதில் இருந்த 53 பேரையும் காப்பாற்ற வழியே இருக்கவில்லை. கப்பல் நொறுங்கிக் கிடந்த ஆழம் அப்படி.

மாம்சனின் மீதிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டாம் உலகப்போரில் பசிபிக் பகுதியில் நீர்மூழ்கிக் குழுக்களுக்குத் தலைமை தாங்கினார். அமெரிக்க டார்பிடோக்கள் இலக்கில் பட்டும் வெடிக்காமல் போன மர்மத்தைத் தீர்க்க, ஹவாயின் ஒரு தீவுப் பாறை மீது நிஜ டார்பிடோக்களைச் சுடவைத்தார். வெடிக்காத ஒன்றை, எந்த நொடியும் வெடிக்கலாம் என்ற நிலையில், நீரிலிருந்து எடுத்துப் பிரித்துக் கோளாறைக் கண்டுபிடிக்க வழி செய்தார். தேடும்போது அவரும் தண்ணீரில் இறங்கினார் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? சவுத் டகோட்டா போர்க்கப்பலுக்குத் தலைமை வகித்தார். வைஸ் அட்மிரலாக 1955-ல் ஓய்வு பெற்றார். 2001-ல் ஸ்குவாலஸ் மீட்பு பற்றி வந்த தொலைக்காட்சிப் படத்தில் ஜுராசிக் பார்க் புகழ் சாம் நீல் இவர் வேடத்தில் நடித்தார்.

மாம்சன் புற்றுநோயால் இறந்தது 1967 மே 25. ஸ்குவாலஸின் கடைசி எட்டுப் பேர் மேலே வந்த அதே தேதி, 28 வருஷம் கழித்து. அமெரிக்கக் கடற்படை ஒரு போர்க்கப்பலுக்கு அவர் பெயரை வைத்தது. அதைப் பணியில் சேர்க்கும் விழா 2004-ல் ஃப்ளோரிடாவின் பனாமா சிட்டியில் நடந்தது. கடற்படை டைவர்களின் பயிற்சிப் பள்ளியும், அவர் தலைமை வகித்த சோதனை டைவிங் பிரிவும் இப்போது இருப்பது அந்த ஊரில்தான்.